பன்னெண்டாவது நிமிசம்

முதல்லயே சொல்லிருதேன், எனக்குப் பொறும கெடையாது. எட்டாம் மாசமே அவசரப்பட்டு வந்து பொறந்தவளாக்கும்னு எங்க உம்மா இன்னைக்கும் சொல்லிக்காட்டுவாங்க. கடையில ஒரு ஆளு வந்து எந்த கவர் நல்லாருக்கும்னு மூணு தடவ கேட்டா, நாலாவது தடவ கேக்க விடமாட்டேன், நானே ஒண்ண எடுத்து மாட்டிக் குடுத்து அனுப்பிருவேன். அதனால நான் கேம் ஆடுததும் அப்படித்தான், அது எம் பொறவிக் கொணம்னு ஊரே சொன்னப்ப நானும் நம்பிட்டேன். அத நம்புனதுதான் தப்பு.

எம் பேரு நுஸ்ரத். வயசு இருபத்திரெண்டு. வீடு தாராவி, வேல சயான்ல ஒரு மொபைல் கடையில. காலையிலேருந்து ஸ்க்ரீன் கார்டு ஒட்டணும், கவர் விக்கணும், எவனோ ஒடச்சிட்டு வந்த போனுக்கு நான் ஒடச்ச மாதிரி திட்டு வாங்கணும். வாப்பா ஜெயினுலாப்தீன், தெருமொனையில பெல்ட்டுப் பட்டறை வச்சிருக்காங்க. தம்பி பைசான், பத்தொம்போது வயசு, காலேஜுல பி.காம் படிக்கான். உம்மா பேரு ஷரீஃபுன்னிசா. வீடுன்னா ஒரே ரூம்தான், மேல பலக அடிச்சு ஒரு மச்சு. மச்சு பைசானுக்கு. அவன் படிக்கணும்லா.

கேமப் பத்தி ரெண்டு வரி சொல்லிருதேன். அறுபது பேரு ஒரு தீவுல குதிப்பாங்க. அங்கனக்குள்ள கெடக்க துப்பாக்கியத் தேடி எடுத்து ஒருத்தர ஒருத்தர் சுடணும். தீவச் சுத்தி ஒரு வட்டம் சுருங்கிக்கிட்டே வரும், வட்டத்துக்கு வெளிய நின்னா உசுரு போயிரும். கடைசியா உசுரோட நிக்க ஆளுதான் ஜெயிச்ச ஆளு. முழுசா ஒரு மேட்ச்சு இருபத்தஞ்சு நிமிசம் ஓடும். தனியாவும் ஆடலாம், நாலு பேரு டீமாவும் ஆடலாம். ஆடுன மேட்ச்செல்லாம் வீடியோவா கேமுலயே கெடக்கும், யாரு வேணும்னாலும் பாக்கலாம்.

பைசான் ஆடுதத பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். குதிச்ச ஒடனே ஏதாவது ஒரு வீட்டு பாத்ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிடுவான். இருபது நிமிசம் அங்கயேதான். மத்தவனெல்லாம் ஒருத்தன ஒருத்தன் கொன்னு தீத்த பொறவு மெதுவா வெளிய வந்து, மிச்சம் இருக்க ரெண்டு பேரச் சுட்டுட்டு, நிதானம் வேணும் லாத்தா நிதானம் வேணும்னு அக்காவான எனக்கே வாள் வாள்னு புத்தி சொல்லுவான். நான் அப்படியில்ல. குதிச்சா கூட்டம் இருக்க எடத்துலதான் குதிப்பேன். துப்பாக்கி கெடச்சா சரி, கெடைக்காட்டி கையில இருக்கதக் கொண்டு அடி. கதவத் தொறந்து உள்ள யாரு இருக்கான்னு எட்டிப் பாக்க வழக்கமே கெடையாது, நேரா உள்ளதான். பத்து நிமிசத்துல ஏழு பேரு, எட்டு பேரக் கொன்னுருவேன். எங்க தெருப் பயலுவ எனக்கு வச்ச பேரு பட்டாசு.

போன மாசம் ஒருத்தரு வாய்ஸ் நோட்டு அனுப்புனாரு. பேரு கிட்டு. மாட்டுங்காக்காரரு, செம்பூர்ல ஒரு கேம் டீமுக்கு கோச்சு. ஆறு மாசமா என் ஆட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்காராம். டீமுல ஒரு சீட்டு காலியாம், ஞாயித்துக்கெழம வந்து ஆடிக் காட்ட முடியுமான்னு கேட்டாரு. அந்த நோட்ட நான் எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. சீட்டு கெடச்சா தினம் மதியம் ரெண்டுலேருந்து எட்டு வரைக்கும் அங்க ஆடணும், சம்பளம் உண்டு, லீக்குல பேரு வரும். மொபைல் கடைய விட்டுறலாம். அது எல்லாத்தயும் விட, நான் உருப்படியா ஒண்ணு செய்வேன்னு அதுவரைக்கும் ஒரு மனுசனும் எங்கிட்ட சொன்னதில்ல.

வாப்பா ஒரு நாள் முழுக்க யோசிச்சுட்டு, பைசானக் கூட்டிக்கிட்டுப் போன்னாங்க. உம்மா, கொழாயில தண்ணி வாரதுக்கு முன்னாடி வந்துரணும்னாங்க.

சயான்ல பஸ் ஏறி செம்பூர் போனோம். கீழ்த்தளத்துல ஒரு ஃபிளாட்டு. உள்ள நொழஞ்சா ஏசி. நாலு பெரிய நாக்காலி, ஒவ்வொண்ணும் சலூன் நாக்காலி அளவுக்கு. அப்படி ஒரு அமைதி. டிவி இல்ல, மிக்ஸி இல்ல, பக்கத்து வீட்டுச் சண்ட இல்ல. எனக்கு காது அடச்ச மாதிரி இருந்துச்சு. கிட்டு சாருக்கு முப்பது வயசு இருக்கும், கண்ணாடி, ஒல்லி. டீம் கேப்டன் பேரு கீதா, என் வயசுதான். இன்னும் ரெண்டு பயலுவ இருந்தானுவ, அவனுவ ஹெட்போனக் கழட்டவே இல்ல.

கிட்டு சார் சுவத்துல மாட்டியிருந்த பெரிய ஸ்க்ரீன்ல ஒரு கோடு போட்ட படத்தக் காட்டுனாரு.

"உங்களோட நூத்தி நாப்பது மேட்ச் பாத்திருக்கேன். இதுல பன்னெண்டு நிமிஷத்தத் தாண்டினது ஆறே ஆறு. அதுக்கு முன்னாடி புயலா ஆடறேள், பன்னெண்டு ஆனா செத்துப் போறேள். முதல்ல எனக்குப் புரியல. அப்பறம் இதப் பாத்தேன்."

வீடியோவ ஓட்டுனாரு. நாந்தான். மைதானத்துக்கு நடுவுல நிக்கேன். சுத்திலும் ஆளு. நான் அசையல, சுடல, ஒளியல. அப்படியே மரம் கணக்கா நிக்கேன். எவனோ சுடுதான், செத்தேன்.

"இதுக்கு நாங்க ஒரு பேரே வெச்சிருக்கோம். நிக்கற நிலை," ன்னாரு, கண்ணு மின்னிச்சு. "உங்களச் சுடறவன் எங்க ஒளிஞ்சிண்டிருக்கான்னு உங்க டீமுக்குத் தெரிஞ்சுடறது பாருங்கோ. தன்னையே தூக்கிக் குடுத்து எதிரியக் காட்டிக் குடுக்கற ஆட்டம். இந்தியாவுலேயே வேற யாரும் இப்படி ஆடி நான் பாத்ததில்ல."

"நாங்க ஒரு மாசமா பிராக்டிஸ் பண்றோம்," ன்னா கீதா. "எனக்கு வரவே மாட்டேங்கறது. சுட ஆரம்பிச்சா பயத்துல ஓடிடறேன். எப்படிப்பா உன்னால நிக்க முடியறது?"

யா அல்லா! அந்த வீடியோ எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கி அடுப்புல பாலு பொங்கிட்டு. உம்மா ஒரு சத்தம் போட்டாங்க, நான் போனத் தரையில வச்சிட்டு ஓடுனேன். திரும்பி வந்தப்ப நான் செத்து ரெண்டு நிமிசம் ஆயிருந்துச்சு. அடுத்த வீடியோவும் அப்படித்தான், அது கேஸ் சிலிண்டர் வந்த அன்னைக்கி. அதுக்கு அடுத்தது தண்ணி.

பைசான் பின்னாடி உக்காந்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்குதான். நான் திரும்பி ஒரு மொற மொறச்சேன். அந்த எடத்துல வாயத் தொறந்து உள்ளதச் சொல்லிருக்கணும், வாஸ்தவந்தான். சொல்லல. எனக்கு அந்த சீட்டு வேணும். "அது அப்படியே வந்துரும்"னேன், ஏதோ பெரிய ஆளு கணக்கா. நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

மொதல் மேட்ச்ச கீதாவோடயும் அந்த ரெண்டு பயலுவளோடயும் சேந்து ஆடுனேன். ஹெட்போன் குடுத்தாங்க. நான் ஒரு காதுலதான் மாட்டுவேன், இன்னொரு காது தொறந்தே இருக்கணும், அப்படியே பழகிட்டு. கிட்டு சார் அதயும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு.

நல்லாத்தான் ஆடுனேன். ஒம்போது நிமிசத்துல அஞ்சு பேரு. பத்து. பதினொண்ணு. ஒரு ஆத்துப் பாலத்துல ஓடிக்கிட்டு இருக்கேன், அப்பதான் சன்னலுக்குப் பின்னாடி மோட்டார் ஓடுத சத்தம். கட்டடத்துத் தண்ணி மோட்டாரு. கூடவே எங்கயோ டேங்கு நெறஞ்சு தண்ணி தொபதொபன்னு சிமிண்டுல கொட்டுது.

"தண்ணி வந்துட்டு!"

கத்துனது நாந்தான். போன மேசையில போட்டுட்டு, நாக்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சு, ரெண்டு எட்டுல வாசலுக்குப் போயிட்டேன். கை ரெண்டும் கொடத்தத் தேடுது.

பின்னாடி கிட்டு சார் கொரல் கேக்குது, ரகசியம் சொல்லுத மாதிரி: "பாருங்கோ, பாருங்கோ! இதான் நிக்கற நிலை! யாரும் பேசாதீங்கோ!" அவரு ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஸ்க்ரீன்ல நான் பாலத்து நடுவுல நிக்கேன். பொறவுதான் திரும்பி நாக்காலியப் பாத்தாரு. நாக்காலி காலி. நான் வாசக் கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கேன். டப்புன்னு ஒரு சத்தம், பாலத்துல நான் விழுந்தேன்.

அதுக்கு மேல பைசானால அடக்க முடியல. தரையில உக்காந்து சிரிக்கான். சிரிச்சு முடிச்சு எல்லாத்தயும் சொல்லிட்டான்: பாலு, சிலிண்டரு, தண்ணி, வாப்பாவுக்குப் பட்டறைக்குக் கொண்டு போவ வேண்டிய டீ, பக்கத்து வீட்டு சபுராமாமி கதவத் தட்டி சீனி கேக்கது. "சார், லாத்தாவ வீட்டுல பத்து நிமிசத்துக்கு ஒருக்க கூப்பிடுவாங்க. அதனாலதான் அவ அப்படி ஆடுதா. கூப்பிடுததுக்கு முன்னாடி எவ்வளவு பேரக் கொல்ல முடியுமோ அவ்வளவு."

அவன் வெளையாட்டாத்தான் சொன்னான். எனக்கு யாரோ பொடனியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. இருபத்திரெண்டு வருசத்துல நான் அத யோசிச்சதே இல்ல. பட்டாசு, பயமில்லாதவ, கதவத் தொறந்துக்கிட்டுப் போறவ, எல்லாம் இதுதானா? எனக்கு நேரம் இல்ல, அவ்வளவுதானா?

கிட்டு சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அவரோட படம், கோடு, நோட்டு எல்லாம் போச்சு. பாவமா இருந்துச்சு. கீதா மட்டும் மெதுவா, "நான் ஒரு மாசமா நின்னு நின்னு செத்தேன், தெரியுமா?" ன்னா. அவளுக்கும் சிரிப்புத் தாங்கல.

நான் பையத் தூக்கிட்டேன். "மன்னிச்சிருங்க சார், வாரோம்."

"இருங்கோ," ன்னாரு. என்னப் பாக்கல, பைசானப் பாத்தாரு. "அம்மா எப்படிக் கூப்பிடுவா? அப்படியே கூப்பிட்டுக் காட்ட முடியுமா?"

பைசானுக்கு அதெல்லாம் சக்கரப் பொங்கல். மூக்கால கொரல இழுத்து, "ஏளா நுஸ்ரத்தூ! வாரியா இல்லியாளா!" ன்னான். அச்சு உம்மாதான். எனக்கு முதுகு விறைச்சுக்கிட்டு.

"ரெண்டாவது மேட்ச் ஆடலாம்," ன்னாரு கிட்டு சார். "தம்பி, நீ அவங்க பின்னாடி நில்லு. ஏழு நிமிஷம் ஆனதும் கூப்பிடு. எழுந்துக்க விடாதே, கூப்பிட மட்டும் செய்."

ஆடுனோம். ஏழாவது நிமிசம் பைசான் ஆரம்பிச்சான். "ஏளா, பாலு பொங்குது!" என் கை என்ன செஞ்சிச்சுன்னு எனக்கே தெரியல. ரெண்டு கதவத் தள்ளிட்டு ரெண்டு பேரு. "ஏளா, வாப்பாக்கு டீ ஆறுது!" படியில ஒருத்தன், மொட்ட மாடியில ஒருத்தன். "ஏளா, தண்ணி வந்துட்டு, எங்களா போன!" ஒரு முழு டீம், நாலு பேரு, ஒத்த ஆளா. அந்த ஹெட்போன் பயலுவ ரெண்டு பேரும் ஹெட்போனக் கழட்டிட்டு விசில் அடிக்கானுவ. பன்னெண்டு நிமிசத்துல பதினோரு பேரு! வாழ்க்கையில நான் அவ்வளவு ஆடுனதில்ல. கிட்டு சார் துள்ளுதாரு. "சீட் உங்களுதுதான்! முடிஞ்சது! நாளைலேந்து வாங்கோ!"

எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் சிரிச்சேன். பொறவு குனிஞ்சு பாத்தா எங் காலு ரெண்டும் நாக்காலிய விட்டுப் பாதி எந்திரிச்சு நிக்கி. யாரோ கூப்பிட்டா எந்திரிக்க காலு. அந்தக் காலப் பாத்தப்ப எனக்கு சிரிப்பு நின்னு போச்சு.

கீதா பைசான்கிட்ட கேட்டா, "நீயும் ஆடுவியாமே? உன் ஸ்டைல் என்ன?"

"நானா? நான் நிதானம்," ன்னான், நெஞ்ச நிமித்திக்கிட்டு. "ஒரு ரூமுக்குள்ள போயி கதவச் சாத்துனா கடைசி அஞ்சு பேரு வரைக்கும் வெளிய வரமாட்டேன். பொறும எனக்குப் பொறவியிலேயே உண்டு."

"தண்ணி வந்தா?"

"லாத்தா போவாள்லா."

கீதா திரும்பி என்னப் பாத்தா, ஒரே ஒரு பார்வ. எனக்கு மொகமெல்லாம் சூடேறிப் போச்சு. அவன் மேல கோவமா, உம்மா மேல கோவமா, இத்தன நாளா பட்டாசுன்னா பல்ல இளிச்சிக்கிட்டு நின்ன எம் மேலேயே கோவமா, ஒண்ணும் புரியல. மூணும்தான்.

"சார், லீக்கு மேட்ச்சுலயும் எனக்குப் பின்னாடி நின்னு ஒரு ஆளு கூப்பிடுவாங்களா?"ன்னு கேட்டேன்.

"ஆள் வேண்டாம். அம்மா குரல ரெகார்ட் பண்ணிண்டு வாங்கோ. ஹெட்போன்ல போட்டுடலாம்," ன்னாரு. அந்த மனுசன் கெட்டவரு இல்ல. ஒரு நல்ல பேட்டுக்கு கிரிப்பு மாத்துத மாதிரிதான் அவருக்கு அது.

எனக்குப் பொசுக்குன்னு வந்துட்டு. "எங்க உம்மாட்டப் போயி, உம்மா ஒருக்க என்னக் கூப்பிடுங்க, ரெகார்டு பண்ணணும்னு சொல்லணுமாக்கும்! வீட்டுல கூப்பிடுதது பத்தாதுன்னு இங்கயும் வந்து உக்காந்து அதையே கேக்கணுமாக்கும்! சீட்டுங்கீங்க, உக்கார விடமாட்டேங்கீங்களே சார்!"

பைசான் என் கையப் புடிச்சு இழுத்தான். உதறிட்டேன்.

"நான் கூப்பிடாமயே ஆடுதேன். முழு மேட்ச்சு. தனியா. பாத்துட்டுச் சொல்லுங்க."

கிட்டு சார் நோட்ட மூடி வச்சாரு. "சரி. கடைசி அஞ்சு பேருக்குள்ள வாங்கோ. வந்துட்டா ரெகார்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், சீட் உங்களுது. வரலேன்னா நான் சொல்ற மாதிரி."

"சரி"ன்னேன்.

மூணாவது மேட்ச்சு. இந்தத் தடவ கூட்டத்துல குதிக்கல. தீவு ஓரத்துல எறங்கி, ஒரு ரெண்டு மாடி வீட்டப் புடிச்சேன். மேல ரூமு, ஒரே கதவு, ஒரே சன்னல். துப்பாக்கி இருக்கு, மருந்து இருக்கு, வட்டமும் எம் பக்கமே சுருங்குது. இதவிட ஒரு எடம் அமையாது. நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, சும்மா உக்காந்திருக்கணும்.

எட்டு நிமிசம் வரைக்கும் ஒண்ணுமில்ல. பத்துல எங் காலு ஆட ஆரம்பிச்சிட்டு. மேசையே கிடுகிடுன்னு ஆடுது. கீதா கைய நீட்டி என் முட்டு மேல வச்சா. பன்னெண்டு.

யாரும் கூப்பிடல. பதிமூணு. இந்த எடத்துக்கு நான் வந்ததே இல்லன்னு வச்சிக்கிடுங்க. கேமுக்குள்ள வெயிலு சாஞ்சு போச்சு, அதுல சாயங்காலம் வரும்னே எனக்குத் தெரியாது. புல்லெல்லாம் மஞ்சளா கெடக்கு. இருபத்தி மூணு பேரு மிச்சம். இதுல என்ன செய்யணும்? பைசான் இந்த நேரத்துல என்ன செய்வான்? ஒண்ணும் செய்யமாட்டான். ஒண்ணும் செய்யாம இருக்கது எப்படின்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

பதினஞ்சு. தொறந்த காதுல எல்லாம் கேக்குது. ஏசி சத்தம். வெளிய ஒரு ஸ்கூட்டரு. மாடியில ஒரு பொம்பள மராட்டியில யாரோ புள்ளயக் கூப்பிடுதா, எனக்கு இடுப்பு தானா எழும்பி திரும்ப உக்காந்துச்சு. யாராவது என்னக் கூப்பிட்டுத் தொலைங்களேன்னு இருந்துச்சு. நெசமாத்தான் சொல்லுதேன். கூப்பிடக் கூடாதுன்னு சண்ட போட்டவ நானு, இப்ப கூப்பிட மாட்டாங்களான்னு தவிக்கேன். திரும்பிப் பைசானப் பாத்தேன். அவன் கிட்டு சார் நாக்காலியில சாஞ்சு கெடக்கான், காலு மேல காலு.

பதினேழு. பன்னெண்டு பேரு மிச்சம். கீழ யாரோ நடக்க சத்தம், கேமுக்குள்ள. அது பாட்டுக்குப் போவுது, என் வீட்டப் பாக்கக் கூட இல்ல. விட்டா போயிருவான். இன்னும் ஏழு பேரு சாவணும், நான் இங்கயே இருந்தாப் போதும், ஜெயிச்சிரலாம். பதினேழு நிமிசம் இருந்தவளுக்கு இன்னும் ஒரு நாலு நிமிசம் இருக்கத் தெரியாதா?

தெரியல. போதும், எந்திரின்னு உள்ள ஒரு கொரலு. உம்மா கொரலு இல்ல அது, எங் கொரலு. யாருமே கூப்பிடல, நானே என்னக் கூப்பிட்டேன். கதவத் தொறந்து படியில எறங்கிட்டேன். கீழ நின்னது ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. ஒருத்தனச் சுட்டேன், இன்னொருத்தன் என்னச் சுட்டான்.

பதினோராவது எடம்.

போன மெதுவா மேசையில வச்சேன். கிட்டு சார் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "நான் சொன்னேனே," ன்னாரு, கொரல்ல குத்தல் எதுவும் இல்ல. "உங்க ஆட்டம் இது இல்ல. அவசரந்தான் உங்க பலம். இத ஏன் மாத்தணும்? லீக் இன்னும் பத்து நாள்ல. ரெகார்ட் பண்ணிண்டு வாங்கோ, நாளைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்."

சீட்டு இன்னும் எனக்குத்தான். ஒரு தலையாட்டு போதும். பைசான் கண்ணாலேயே கெஞ்சுதான், சரின்னு சொல்லு லாத்தா, சொல்லு. எனக்கும் சொல்லணும்னுதான் இருந்துச்சு. அந்த நாக்காலி கைப்பிடியப் புடிச்சிருந்த கைய எடுக்கவே மனசு வரல.

"வேணும் சார், சத்தியமா வேணும்," னேன். "ஆனா இருபத்திரெண்டு வருசமா எந்திரிச்சே பழகுனவ, ஒரு மதியத்துல உக்காரப் பழகிருவாளா? எனக்கு நாலு மாசம் குடுங்க."

"டீமுக்கு நாலு மாசம் கெடையாதே. இன்னொருத்தரத்தான் எடுத்தாகணும்."

"எடுத்துக்கிடுங்க."

அவரு கண்ணாடிய மறுபடியும் தொடச்சாரு. அடுத்த செலக்ஷன் மே மாசம், மழைக்கு முன்னாடி, அப்ப வாங்கோ, எல்லாரும் மாதிரி வரிசையில ஆடணும், தனிச் சலுகை கெடையாதுன்னாரு. கீதா வாசல் வரைக்கும் வந்தா. "பதினேழு நிமிஷம் இருந்தியே," ன்னா.

பஸ் ஸ்டாப்புல வச்சு பைசான் வெடிச்சான். "பைத்தியமா லாத்தா உனக்கு? சீட்டு கையில வந்து விழுந்துச்சு! ஒரு ரெகார்டு! ஒரே ஒரு ரெகார்டு! நானே உம்மா மாதிரி பேசிக் குடுத்திருப்பேன்லா! எல்லாத்துலயும் அவசரம் ஒனக்கு, வேணாம்னு சொல்லுததுல கூட!"

எனக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. தொடைக்கல. வருத்தம் இல்லன்னு சொன்னா அது பச்சப் பொய்யி. நாளைக்கி காலையில மறுபடியும் அந்தக் கடையில போயி ஸ்க்ரீன் கார்டு ஒட்டணும், எவனோ ஒடச்ச போனுக்குத் திட்டு வாங்கணும். எதுக்க பூக்கடைக்காரி என்னயே பாத்துக்கிட்டு இருந்தா. பாத்தாப் பாரு.

"ஏல பைசான்," னேன்.

"என்ன?"

"நாளையிலேருந்து நீ எந்திரி."

"எங்க?"

"வீட்டுல. பாலுக்கு நீ எந்திரி. சிலிண்டருக்கு நீ எந்திரி. வாப்பாக்கு டீ நீ கொண்டு போ. தண்ணிக்கு நீ போ. மே மாசம் வரைக்கும் நான் மச்சுல உக்காருதேன். தினம் ஒரு மேட்ச்சு, முழுசா. எவ கூப்பிட்டாலும், எவன் கூப்பிட்டாலும் நீ போவணும். உம்மாட்ட நானே சொல்லுதேன்."

மொதல்ல சிரிக்கப் பாத்தான். எம் மூஞ்சியப் பாத்துட்டு நிப்பாட்டிட்டான். சட்டக் கையச் சுருட்டி விட்டான், மறுபடியும் எறக்கி விட்டான். நல்ல பயதான் அவன், கெட்ட மனசெல்லாம் கெடையாது.

"சரி லாத்தா," ன்னான் கடைசியில. "நானே போறேன். தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

கிண்டலுக்குக் கேக்கல. நெசமாவே தெரியாமத்தான் கேட்டான், பத்தொம்போது வருசம் அந்த வீட்டுலேயே இருந்துட்டு.